லைட்டைத் திறக்கலாமா?

சீனாவிலிருந்து புதிதாக எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர், அறை இருட்டிக்கொண்டு வந்ததும் "ஓப்பன் த லைட்" என்றார். சிங்கப்பூரில் காதுக்குப் பழகிய பேச்சுதான். ஆனாலும் இரண்டு பேர் சிரித்தார்கள். மறைப்பானேன், நானும் சிரித்தேன்.

அப்புறம் யோசித்தால், தப்பு அவர் மேல் இல்லை. 'ஓப்பன் என்றால் காய்' என்று ஒரே வரியில் மனப்பாடம் செய்யவைக்கும் சொற்பட்டியல் மேல்தான். மாண்டரினில் 'காய்' (நம் காய்கறிக் காய் மாதிரியே ஒலிக்கும்) கதவோடு நிற்பதில்லை. லைட் போடுவதும் காய், கார் ஓட்டுவதும் காய், கூட்டம் நடத்துவதும் காய், பூ பூப்பதும் காய். டாக்டர் மருந்து எழுதிக் கொடுப்பதற்கும் அதே சொல். கொதித்த தண்ணீர் 'காய் ஷுவெய்'. நாம் மனம் திறந்தால் உள்ளதைச் சொல்கிறோம் என்று அர்த்தம். அவர்களுக்கு மனம் திறந்தால் சந்தோஷம், 'காய் ஷின்'.

பழைய எழுத்தில் இந்தச் சொல்லுக்குள் ஒரு வாசற்கதவும், தாழ்ப்பாளை எடுக்கும் இரண்டு கைகளும் இருக்கும். எளிமையாக்கிய எழுத்தில் கதவையே கழற்றிவிட்டார்கள்! கதவே இல்லாத எழுத்தைப் படித்தவர் லைட்டைத் திறந்தால் என்ன?

கண்ணையும் வாயையும் புத்தகத்தையும் திறக்க ஆங்கிலத்துக்கு ஓப்பன் ஒன்று போதும். சீனத்தில் மூன்றுக்கும் தனித்தனி வினை. 'காய்' அவற்றின் வாலில் ஒட்டிக்கொள்ளும். ஆக, ஒரு வரியில் அடங்கவே அடங்காது. லைட், டிவி, ஏசி என்றால் டர்ன் ஆன், கார் என்றால் டிரைவ் என்று பொருளோடு சேர்த்துத்தான் சொல்லித்தர வேண்டும்.

இதைவிடப் பெரிய வம்பு கடைவாசல் பலகையில். கடை திறந்திருந்தால் 'ஓப்பன்', மூடியிருந்தால் 'க்ளோஸ்ட்'. ஒன்றுக்கு வால் இல்லை, மற்றதற்கு உண்டு. சீனத்தில் இரண்டுக்கும் ஒரே வால்தான். அதனால் ஒருவர் 'க்ளோஸ்' என்று எழுதிவைப்பார், இன்னொருவர் கவனமாக 'ஓப்பன்ட்' என்பார். ஒழுங்காக யோசிப்பவர்தான் இங்கே மாட்டிக்கொள்கிறார். ஆங்கிலத்தின் கோணலுக்கு அவர் என்ன செய்வார்?

நான் சிரித்த அடுத்த வாரம், வியர்த்து வழிய உள்ளே வந்து அவரிடம் "புட் த ஃபேன்" என்றேன். டீ போடு, சட்டை போடு, சண்டை போடு என்று வளர்ந்த வாய். அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் ஸ்விட்சைத் தட்டினார்.