“ஒரு நிமிஷம்தானே” என்று வராதீர்கள்

முக்கியமான வேலையில் மூழ்கியிருக்கும் நேரம் பார்த்து “ஒரு நிமிஷம் பேசலாமா?” என்று வந்து நிற்பவர்களை நினைத்தாலே எரிச்சல் வருகிறது. அது ஒரு நிமிஷத்தோடு முடிவதே இல்லை. பேசி முடித்துத் திரும்பினால், எங்கே விட்டோம், அடுத்து என்ன எழுத நினைத்தோம், எந்த எண்ணைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கிறது.

இது மனப்பிரமை இல்லை. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது, கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் எழுதினார். பாதியில் விட்ட வேலை என்றால் இன்னும் மோசம். ஆக, குறுக்கிட்டவர் பேசுவதையும் பாதி மனதோடுதான் கேட்கிறோம். இதில் யாருக்கு லாபம்?

செய்தி அனுப்புபவர்கள் இன்னொரு ரகம். பதில் வருவதற்குள் “பார்த்தீங்களா?” என்று அடுத்த செய்தி, அப்புறம் போன். உண்மையிலேயே அவசரம் என்றால் சரி. அடுத்த வாரக் கூட்டத்துக்கு எந்த நேரம் தோது என்று கேட்கவா இத்தனை அவசரம்?

எனக்கு அதிகம் வலிப்பது வேறு. உடனுக்குடன் பதில் போடுபவரைச் சுறுசுறுப்பானவர் என்கிறார்கள். இரண்டு மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்து ஒரு சிக்கலை அவிழ்ப்பவரை “ஆளையே பிடிக்க முடியல” என்கிறார்கள். பகல் முழுக்கப் பதில் சொல்லியே கழிகிறது. உண்மையான வேலை எல்லோரும் தூங்கிய பிறகுதான் தொடங்குகிறது. அந்தத் தூக்கத்தை யார் திருப்பித் தருவார்கள்?

கேள்விகளைச் சேர்த்து வைத்து மதியம் ஒரே தடவையாகக் கேளுங்கள். பொறுமையாக உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன்.