மயிலின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்

அடிபட்ட மயில்களை மீட்பது பற்றிய உங்கள் கட்டுரை நன்று. ஆனால் வனத்துறை ஆள் வந்து சேரும்வரை என்ன செய்வது என்பதை விட்டுவிட்டீர்களே! எங்கள் பல்லடம் பக்கம் மயில் விழுந்து கிடந்தால், யாராவது ஓடிவந்து அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றுவார்கள். பறவைக்கு மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. மயங்கிக் கிடக்கையில் ஊற்றினால் தண்ணீர் நேராக நுரையீரலுக்குத்தான் போகும். அப்புறம் கூட்டம் கூடி செல்பி வேறு. அந்தப் பயமே அதைக் கொன்றுவிடும்.

தலையோடு ஒரு துண்டைப் போர்த்தி, ஓட்டை போட்ட பெரிய அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்தாலே அடங்கிவிடும். நெஞ்சை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. நெஞ்சு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. வீட்டிலேயே வளர்க்கலாம் என்ற ஆசையும் வேண்டாம், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் உள்ள பறவை அது.

மயில் மக்காச்சோளத்தையும் தக்காளியையும் நாசம் செய்வது உண்மைதானுங்க, மறுக்கவில்லை. அந்தக் கோபத்தில் யாரோ விஷம் கலந்து வைத்த தானியத்தைத் தின்றிருந்தால், எந்தப் பூச்சிமருந்து என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆர்கனோபாஸ்பேட் வகை என்றால் அட்ரோபின் ஊசி இருக்கிறது, சீக்கிரம் போட்டால் பிழைக்க வாய்ப்புண்டு.