நாள்வாரித் திட்டம் கேட்பவர்களுக்கு

கோடை நெருங்கினால் போதும், உள்பெட்டிக்கு ஒரே கேள்வி வந்துகொண்டிருக்கிறது: "அயர்லாந்தின் மேற்குக் கரையை ஒரு வாரத்தில் காரில் சுற்ற வேண்டும், கூடாரம் இருக்கிறது, நாள்வாரியாகத் திட்டம் போட்டுத் தர முடியுமா?"

முடியாது. போட்டுத் தந்தாலும் இரண்டாம் நாள் காலையிலேயே அதைக் கிழித்துப் போட வேண்டியிருக்கும்.

2014-இல் 'வைல்ட் அட்லாண்டிக் வே' என்று பெயர் சூட்டப்பட்ட அந்தப் பாதை, தெற்கே கின்சேலில் தொடங்கி வடக்கே டொனகால் வரை ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர் நீள்கிறது. ஏழால் வகுத்துப் பார்த்துவிட்டு, தினமும் முந்நூற்றைம்பது கிலோமீட்டர்தானே என்கிறார்கள். கெர்ரி, மேயோ மாவட்டங்களின் குறுஞ்சாலைகளில் நடுவே புல் முளைத்திருக்கும். எதிரே டிராக்டர் வந்தால் ஒருவர் பின்னால் போய் ஒதுங்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் நீங்கள்தான். வழிவிட்டால் அவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலைத் தூக்குவார். நன்றி, வணக்கம் எல்லாம் அதில் அடக்கம்.

மழைக்குப் பயந்து திட்டம் போடுகிறார்கள். மழை ஒரு பொருட்டே இல்லை. மலைக்கு இந்தப் பக்கம் கொட்டும்போது அந்தப் பக்கம் வெயில் அடிக்கும். காற்றும் கடல் அலையும்தான் உங்கள் நாளைத் தீர்மானிக்கும். ஸ்கெல்லிக் மைக்கேல் தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். துறவிகள் தேன்கூடு வடிவில் கல்லால் கட்டிய குடில்களும், அவற்றுக்கு ஏறிச் செல்லும் 618 படிகளும் உள்ள இடம். நாளொன்றுக்குச் சுமார் 180 பேருக்கு மட்டுமே அனுமதி. மாதக்கணக்கில் முன்பே டிக்கெட் எடுத்துவிட்டுப் போர்ட்மகீ துறைக்குப் போனோம். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஆனாலும் படகு கிளம்பவில்லை. தீவின் இறங்குதுறையில் அலை எழும்பி விழுகிறது, கால் வைக்க முடியாது என்றார் படகுக்காரர். அவரிடம் வாதாடிய ஒரு குடும்பத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவர்களுக்கு மறுநாள் கால்வேயில் முன்பணம் கட்டிய அறை, அதற்கு மறுநாள் வேறோர் அறை. காத்திருக்க ஓர் இரவுகூட மிச்சமில்லை.

நாங்கள் பாலத்தைக் கடந்து வாலென்ஷியா தீவுக்குப் போனோம். 1866-இல் அட்லாண்டிக்கின் குறுக்கே நிலைத்து நின்ற தந்திக் கம்பி கரையேறியது அங்கேதான். அதைவிட என்னை நிறுத்திவைத்தது, கடலோரப் பாறையில் சின்னச் சின்னக் குழிகளாகப் பதிந்திருக்கும் காலடித்தடங்கள். 35 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஒரு நாற்கால் உயிரினம் சேற்றில் நடந்துபோன தடம். எங்கள் திட்டத்தில் அது இருக்கவே இல்லை.

உள்ளேயே படுத்துக்கொள்ளும் கேம்பர் வேன்தான் சுதந்திரம் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. டிங்கிள் பக்கத்துக் கானர் கணவாயில் 2 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. சிறிய காரும் கூடாரமும் இருந்தால் அந்த வளைவுகளில் நிம்மதியாக ஏறலாம். ஆனால் பிடித்த இடத்தில் எல்லாம் கூடாரம் அடிக்க இது ஸ்காட்லாந்து இல்லை. இங்கே அப்படியொரு பொது உரிமை சட்டத்தில் இல்லை. அழகாகத் தெரியும் புல்வெளி யாரோ ஒரு விவசாயியின் ஆட்டு மேய்ச்சல். குடும்பங்கள் நடத்தும் சிறு கேம்பிங் திடல்களுக்குப் போங்கள். நல்ல இரும்பு முளைகளாக எடுத்துக்கொள்ளுங்கள். கிளேர் மாவட்டத்தின் பர்ரன் பகுதியில் மண் நான்கு விரற்கடைகூட இருக்காது, கீழே சுண்ணாம்புக்கல். கடையில் கூடாரத்தோடு தரும் மெல்லிய முளைகள் இரண்டாவது அடியிலேயே வளைந்துவிடும். அப்புறம் கயிற்றைக் கல்லில்தான் கட்ட வேண்டும்.

வானிலைத் துறை காற்றுக்கு ஆரஞ்சு எச்சரிக்கை விடுத்தால் வீரம் காட்ட வேண்டாம். அக்கில் தீவை நாங்கள் கைவிட்டது அப்படித்தான். அதற்குப் பதிலாக லீனேனிலிருந்து டூலோ பள்ளத்தாக்கு வழியே லூயிஸ்பர்க் போனோம். 1849 மார்ச்சில், பஞ்ச நிவாரணத்துக்குத் தகுதி உண்டா என்று சோதிக்க, பட்டினியில் கிடந்தவர்களை இதே வழியில் மைல்கணக்கில் நடக்கவிட்டார்கள். பலர் திரும்பி வரும் வழியிலேயே செத்தார்கள். சாலையோரத்தில் ஒரு கற்சிலுவை இருக்கிறது. வண்டியை நிறுத்தி இறங்கியவர்கள் யாரும் படமெடுக்க அவசரப்படவில்லை.

ஆகஸ்ட் முதல் திங்கள் விடுமுறையை ஒட்டிய இரவுகளை மட்டும் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். மற்ற நாட்களில் மதியம் ஒரு போன் போதும். சிறு கூடாரத்துக்குப் பெரும்பாலும் ஒரு மூலை கிடைத்துவிடும். கெர்ரிக்கும் கிளேருக்கும் நடுவே ஷானன் ஆற்றின் முகத்துவாரத்தைக் கடக்க டார்பர்ட்டிலிருந்து கார்ப் படகு இருபதே நிமிடம். அதனால் கெர்ரியா கிளேரா என்று காலைக் காப்பியின்போதுகூட முடிவு செய்யலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகும் நாள்வாரி அட்டவணைதான் வேண்டும் என்பவர்களுக்கு, டப்ளினிலிருந்து சுற்றுலாப் பேருந்து இருக்கிறது. மூடுபனி இறங்கி 214 மீட்டர் உயரக் கடலோர மோஹர் பாறைகள் ஓரடிகூடத் தெரியாத நாளிலும் அது உங்களைச் சரியான நேரத்துக்கு அங்கே கொண்டுபோய் நிறுத்தும்.