ரைபின்ஸ்க்கை விட்டுவிட்டீர்களே

ரஷ்ய நகரங்களின் பெயர் மாற்றம் பற்றிய உங்கள் கட்டுரையில், 1991-ல் சோவியத் கலைந்த பிறகுதான் பழைய பெயர்கள் திரும்பின என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். லெனின்கிராடுக்கும் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) ஸ்வெர்ட்லோவ்ஸ்குக்கும் (இன்றைய யெகாதெரின்புர்க்) அந்த ஆண்டு சரி, ஆனால் சோவியத் ஆட்சியே தான் வைத்த பெயர்களைப் பல தடவை அழித்திருக்கிறது. 1940-ல் பெர்ம் நகரத்துக்கு சோவியத் தலைவர்களில் ஒருவரான மொலோதவின் பெயரை வைத்தார்கள், 1957-ல் ஆட்சியில் இருந்த குருஷேவை எதிர்த்து அவர் பதவி இழந்ததும் அதே ஆண்டில் ஊர் மறுபடி பெர்ம் ஆகிவிட்டது. உயிரோடு இருப்பவர்கள் பெயரை ஊருக்கு வைக்கக் கூடாது என்று உத்தரவும் அப்போதுதான் வந்தது. ஸ்டாலின்கிராட் 1961-ல் வோல்கோகிராட் ஆனது எல்லோருக்கும் தெரிந்த கதை.

ஆனால் ரொம்பப் பாவம் வோல்கா கரையில் இருக்கும் ரைபின்ஸ்க்தான். 1946-ல் கட்சித் தலைவர் ஒருவரின் பெயரால் ஷெர்பகோவ், 1957-ல் மறுபடி ரைபின்ஸ்க், 1984-ல் சோவியத் அதிபர் ஆந்த்ரோபோவ் இறந்ததும் அவர் பெயர், 1989-ல் திரும்பவும் ரைபின்ஸ்க். வீடு மாறாமலே நாலு தடவை முகவரி மாறியிருக்கும் அங்கே! நபரெஷ்னியே செல்னி என்ற நகரமும் 1982-லிருந்து 1988 வரை, ஆந்த்ரோபோவுக்கு முன் ஆண்ட பிரெஷ்னெவின் பெயரில் இருந்தது, கோர்பச்சேவ் காலத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள்.

அப்புறம் இன்னொன்று, நகரம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆனாலும் அதைச் சுற்றியுள்ள மாகாணம் இன்றும் லெனின்கிராட் மாகாணம்தான். யெகாதெரின்புர்க்கைச் சுற்றி ஸ்வெர்ட்லோவ்ஸ்க் மாகாணமும் அப்படியே இருக்கிறது. அதைப் பற்றியும் இரண்டு வரி எழுதியிருக்கலாம்.