துணி வழுக்கும், தோல் பிடிக்கும்

கம்ப நடன (pole dance) வகுப்பில் நான் தலைகீழாகத் தொங்குவதை எடுத்து ஞாயிற்றுக்கிழமை போட்ட பதினோரு வினாடி வீடியோவுக்குக் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் யாராவது ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருப்பார்கள். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கே வந்துவிட்டது, அப்புறம் என்ன. அதனால் கதையை மறுபடி ஓட்டப் போவதில்லை. கமெண்ட் போட்ட அந்த அண்ணனின் பெயரையும் சொல்லப் போவதில்லை. அவர் எழுதிய வரி மட்டும் இங்கே இருக்கட்டும்: "கம்பத்துல ஏறணும்னு ஆசை இருந்தா மல்லர் கம்பம் கத்துக்கலாமேம்மா, அது நம்ம கலை. இதுக்கு ஏன் இந்த டிரஸ்?"

முந்நூற்றுச் சொச்சம் லைக். அதில் நாற்பத்தொரு பேர் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்கள். ஆமாம், உட்கார்ந்து எண்ணினேன்.

டிரஸ்ஸிலிருந்தே தொடங்குகிறேன், எல்லோருடைய கண்ணும் அங்கேதான் போயிருக்கிறது. துணி வழுக்கும், தோல் பிடிக்கும். அவ்வளவுதான் காரணம். நாற்பத்தைந்து மில்லிமீட்டர் கனத்தில் வழவழவென்று இருக்கும் எஃகுக் கம்பி அது. லெகிங்ஸ் போட்டுக்கொண்டு அதில் தலைகீழாகத் தொங்கினால் நேராகத் தரைக்கு வந்து சேர்வேன். வகுப்புக்கு முந்தின நாளே உடம்பில் லோஷன் தடவக் கூடாது என்பார்கள். ஆளுக்கு ஆள் ஸ்பிரிட் போட்டுக் கம்பத்தைத் துடைப்போம். பெங்களூர் ஜனவரிக் குளிரில் கம்பி சில்லிட்டுக் கிடக்கும், தோல் ஒட்டாது. இரண்டு கைகளாலும் தேய்த்துச் சூடேற்றிவிட்டுத்தான் ஏற முடியும். இவ்வளவும் தோல் பிடிக்க வேண்டும் என்பதற்காக. கவர்ச்சிக்கு என்றால் இதைவிடச் சுலபமான வழிகள் இருக்கின்றன அண்ணா, தொடையில் நீலம் பாயாத வழிகள்.

(கம்பம் என்றே எழுதுகிறேன். "போல்" (pole) என்று எழுதினால் தமிழில் அது உவமை உருபாகித் தொலைக்கிறது.)

நீங்கள் பார்த்த அந்த வித்தைக்கு அவுட்சைட் லெக் ஹேங் என்று பெயர். ஜெமினி என்றும் சொல்வார்கள். இரண்டு கைகளாலும் கம்பத்தைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து, குதிக்காமல், வயிற்றின் பலத்தால் இடுப்பைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். கால்கள் இரண்டும் விரிந்து நிற்கும். இது இன்வர்ட். இதற்கே எனக்கு நாலு மாதம் பிடித்தது. பிறகு வெளிப்பக்கத்துக் காலை மடக்கி, முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் குழியில் கம்பத்தைக் கவ்வ வேண்டும். குதிகாலை உடம்பை நோக்கி இழுத்துக்கொண்டே இடுப்பைத் திருப்பினால் விலாப்பக்கம் கம்பத்தில் அழுந்தும். இன்னொரு கால் எதிர்ப்பக்கம் நீண்டு எடையைச் சமன் செய்யும். எல்லாம் சரியாக உட்கார்ந்த பிறகு கையை விடலாம். முதலில் ஒன்று, அப்புறம் மற்றது.

சொல்வதற்குச் சுலபம். முழங்கால் குழியில் இருக்கும் தோல் எவ்வளவு மெல்லியது என்று தடவிப் பாருங்கள். அதில் அறுபத்து மூன்று கிலோவையும் தொங்கவிட்டால் எப்படி இருக்கும்? முதல் நாள் தீப்பட்ட மாதிரி இருந்தது. இரண்டாம் வாரம் தோல் உரிந்தது. ஆறாம் வாரம்தான் அந்த இடம் கொஞ்சம் மரத்துப் போய், வலியைத் தாண்டி யோசிக்கவே முடிந்தது.

எங்கள் டீச்சர் ஒரு கன்னடப் பெண், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். ஒரு நாள் கால் சரியாக மாட்டிவிட்டது. அவள் கீழே நின்று "கை பிடி, கை பிடி" என்று கத்துகிறாள். நான் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறேன். அவள் இன்னும் சத்தமாக "பிடி, பிடி!" நான் உயிரைக் கொடுத்துப் பிடிக்கிறேன். பதின்மூன்று வருடமாகப் பெங்களூரில் இருக்கிறேன், கன்னடத்தில் அந்த உச்சரிப்புக்கு "விடு" என்று அர்த்தம் என எனக்கு நன்றாகவே தெரியும். தலைகீழாகத் தொங்கும்போது மூளையில் தமிழ் மட்டும்தான் மிஞ்சுகிறது. இறங்கி வந்து சொன்னதும் மொத்த வகுப்பும் விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த வாரத்திலிருந்து அவள் எனக்கு மட்டும் "விடு" என்று தமிழில் சொல்கிறாள்.

சரி, மல்லர் கம்பத்துக்கு வருவோம். என்னை அடிக்க நீங்கள் எடுத்த தடி அதுதானே. எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு, விழுப்புரத்துப் பையன்கள் செய்வதைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறேன். தரைக்கு மேலே 2.6 மீட்டர் நிற்கும் மரக்கம்பம், விளக்கெண்ணெய் பூசி வைத்திருப்பார்கள். அதில் அவர்கள் என்ன உடுத்திக்கொண்டு ஏறுகிறார்கள் என்று பார்த்தீர்களா? லங்கோடு, அல்லது இத்தனூண்டு ஜட்டி. ஏன்? துணி வழுக்கும், தோல் பிடிக்கும். அதே காரணம், அதே தொடை, அதே முழங்கால் குழி. அங்கே அது வீரம், பண்பாடு, மெய்சிலிர்ப்பு, மூன்று தீ எமோஜி. இங்கே "ஏன் இந்த டிரஸ்?"

அது முழுக்க நம்முடையது என்று அடித்துச் சொல்கிறீர்களே, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இரண்டாம் பாஜிராவ் பேஷ்வா காலத்தில், பாலம்பட்ட தாதா தேவதர் என்பவர் மல்யுத்தக்காரர்களின் பயிற்சிக்காக அதற்குப் புத்துயிர் கொடுத்தது மராட்டியத்தில். 2013இல் அதை மாநில விளையாட்டாக அறிவித்தது மத்தியப் பிரதேசம். இந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. எல்லோருக்கும் பொதுவாகவே இருக்கட்டும். முப்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு என் வீட்டுப் பக்கத்தில் சாயங்காலம் ஏழு மணிக்கு மல்லர் கம்பம் சொல்லித்தர யாராவது இருந்தால் விலாசம் அனுப்புங்கள், அதற்கும் போகிறேன்.

அடுத்து "இது கிளப்பில் ஆடுகிற ஆட்டம்தானே" என்று கேட்ட மூன்று பேருக்கு. ஆமாம். இந்த அசைவுகளில் பல, மேலை நாடுகளின் கிளப்புகளில் ஆடிய பெண்கள் கண்டுபிடித்தவை. அப்புறம் அது உடற்பயிற்சிக் கூடத்துக்கு வந்தது, போட்டியாயிற்று, 2017இல் சர்வதேச விளையாட்டுக் கூட்டமைப்புகளின் சங்கம் இதன் சர்வதேச அமைப்புக்குப் பார்வையாளர் (observer) தகுதி கொடுத்தது. இந்தக் கடைசி வரியைத்தான் சித்திக்குப் போனில் சொன்னேன். "இது ஸ்போர்ட்ஸ் சித்தி, அந்த மாதிரி டான்ஸ் இல்ல." சொல்லி வைத்ததும் கூசியது. அந்த மாதிரி ஆடியவர்கள் கண்டுபிடித்ததைத்தான் ஏழு மாதமாகக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறேன், அவர்களைத் தள்ளிவைத்துவிட்டு எனக்கு மட்டும் நற்சான்றிதழ் வாங்கப் பார்த்திருக்கிறேன். ஆகவே அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன் சித்தி.

"இந்த வயசுல விழுந்தா என்ன ஆகும்?" இது மட்டும் நியாயமான கேள்வி. விழுந்திருக்கிறேன். நாலாம் மாதம், பாதி இன்வர்ட்டில் கை நழுவி இடது தோள்பட்டையில். கீழே கனமான மெத்தை இருந்தது, டீச்சர் இடுப்பைத் தாங்கிப் பிடித்தாள். அப்படியும் பத்து நாள் தலைவாரக் கை தூக்க முடியவில்லை. அதனால் வீட்டில் யூட்யூபைப் பார்த்து யாரும் இதைச் செய்ய வேண்டாம். இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு நன்றி. முந்நூறு பேரில் என் எலும்பைப் பற்றி யோசித்தவர் அவர் ஒருவர்தான்.

"பொதுவெளியில போட்டா நாலு பேர் நாலு சொல்லத்தான் செய்வாங்க" என்பவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த நாலு பேரில் இந்த அண்ணனும் இருப்பார் என்று நான் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

திண்டுக்கல்லில் பெரியம்மா வீட்டுக் கொல்லையில் ஒரு கொய்யா மரம் இருந்தது. கொய்யாக் கிளையும் வழவழவென்றுதான் இருக்கும், தெரியும்தானே. நாலாம் வகுப்பு லீவில், பாவாடையைச் சுருட்டி இடுப்பில் சொருகிக்கொண்டு ஏறி, கிளையில் காலை மாட்டித் தலைகீழாகத் தொங்கினேன். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்த பையனுக்கு அப்போது பதினாலு வயது. "காலை நல்லா மடக்கிக் கொக்கி போடு. போட்டுட்டியா? இப்ப கையை விடு. நான் இருக்கேன்ல, விடு." விட்டேன். கிணறும் கொடியில் காயும் துணியும் கூரை ஓடும் எல்லாம் தலைகீழாக ஆடியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு அவன் கண்ணுக்கு என் பாவாடை தெரியவில்லை. என் கால் சரியாக மாட்டியிருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தான்.

ஏழாம் வகுப்பு லீவில் போனபோது மரத்தில் ஏற விடவில்லை. ஏன் என்று எல்லா வீட்டிலும் தெரியும். அந்த வருடமும் அவன் மரத்தில்தான் இருந்தான். மேலேயிருந்து எனக்குக் கொய்யா பறித்துப் போட்டான். நான் கீழே நின்று பாவாடையை விரித்துப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணா, நீங்கள்தான் அந்தப் பையன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவைப் போடும்போது உங்களுக்கு இது ஞாபகம் வரும் என்று நினைத்தேன். "கொய்யா மரம்" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதும். குழுவில் போட்ட ஸ்க்ரீன்ஷாட்டை நீங்கள் அழித்தாயிற்று என்று அக்கா சொன்னாள். உங்களை நான் பிளாக் செய்யவில்லை. வீடியோவை நானும் எடுக்கப் போவதில்லை.

அம்மா நேற்று ராத்திரி கூப்பிட்டாள். குழுவில் வந்ததை அவளும் பார்த்திருக்கிறாள். கொஞ்ச நேரம் மழை, சிலிண்டர், பக்கத்து வீட்டு நாய் என்று பேசிவிட்டு, "அந்தக் கால் மடக்குல தோல் உரிஞ்சிருக்கே, என்ன போட்ட?" என்று கேட்டாள். ஒன்றும் போடவில்லை என்றேன். "தேங்கா எண்ணெய் தடவுடி" என்றாள்.

தடவ முடியாதும்மா, நாளைக்கு வகுப்பு. வலது காலில் வந்துவிட்டது, இடது பக்கம் இன்னும் வரவில்லை. எண்ணெய் போட்டால் வழுக்கும்.