90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் மகான்களுக்கு

"உங்கள் பாஸ்வேர்டு காலாவதியாகிவிட்டது." திங்கட்கிழமை காலை, மீட்டிங் தொடங்க மூன்று நிமிடம் இருக்கும்போதுதான் இந்தப் பெட்டி திரையில் முளைக்கும். பழையதை அடி, புதியதை அடி, மறுபடியும் அடி. எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது. ஒரு கேப்பிடல் எழுத்து, ஒரு எண், ஒரு சிறப்புக் குறி கட்டாயம். அந்தக் குறியும் @, #, $ இந்த மூன்றில் ஒன்றுதான். வேறு எது போட்டாலும் செல்லாது. பன்னிரண்டு எழுத்தைத் தாண்டக் கூடாது. கடைசி ஐந்து பாஸ்வேர்டில் எதுவும் திரும்ப வரக் கூடாது. பேஸ்ட் பண்ணவும் கூடாது. தேதி போட்டுத் தூக்கி எறிய இது என்ன பால் பாக்கெட்டா?

இத்தனை விதியையும் போட்டால் மனிதன் என்ன செய்வான் என்று விதி எழுதியவருக்குத் தெரியாதா? ஊர்ப் பெயரை முதல் எழுத்து கேப்பிடலாக வைத்து, ஒரு @ போட்டு, 123 சேர்ப்பான். மூன்று மாதம் கழித்து 124. அடுத்து 125. எல்லா விதியும் நிறைவேறிவிட்டது, பச்சை டிக் விழுந்துவிட்டது. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 2010-ல் இதையே உட்கார்ந்து அளந்து பார்த்தார்கள். அங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் கட்டாயம் இருந்தது. 7,700-க்கும் மேற்பட்ட பழைய கணக்குகளை எடுத்து, பழைய பாஸ்வேர்டு தெரிந்தால் புதியதைக் கண்டுபிடிக்க முடியுமா என்று ஓட்டினார்கள். 17 சதவீதக் கணக்குகள் ஐந்து முயற்சிக்குள் விழுந்தன. புதியதன் ஹாஷ் (பாஸ்வேர்டை அரைத்து, திரும்பப் பிரிக்க முடியாதபடி சேமிக்கும் குறியீடு) கையில் இருந்தால் 41 சதவீதம் சில நொடிகளில் உடைந்தன. யாரிடமிருந்து காப்பாற்றத்தான் இந்தக் கட்டாயம் என்றார்களோ, அந்த ஆளுக்கு இது ஒரு தடையே இல்லை.

இந்த விதிகளைப் பரப்பிய ஆவணங்களில் முக்கியமானது அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்டுக்காக பில் பர் என்பவர் 2003-ல் எழுதியது. 2017-ல் அவரே பத்திரிகைப் பேட்டியில், தான் செய்ததில் பெரும்பகுதிக்கு இப்போது வருந்துகிறேன் என்று சொல்லிவிட்டார். அதே வருடம் நிஸ்ட் தன் வழிகாட்டியைத் திருத்தியது: எழுத்துக் கலவை விதி வேண்டாம், காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம். 2019-ல் மைக்ரோசாஃப்ட், விண்டோஸுக்கான பரிந்துரைப் பட்டியலிலிருந்தே காலாவதியை எடுத்தது. அது பழசாகிப்போன, மிகக் குறைந்த பயனுள்ள ஏற்பாடு என்று பச்சையாக எழுதியும் வைத்தது. 2025-ல் வந்த நிஸ்டின் நான்காம் திருத்தத்தில் "வேண்டாம்" என்பது "கூடவே கூடாது" என்று இறுகியது. எழுதியவர் கைவிட்டார், அமைப்பு கைவிட்டது, மென்பொருள் விற்பவரும் கைவிட்டார். உங்கள் ஐடி துறை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

காரணம் சோம்பல். ஊழியர் கணக்குகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியை நிறுவினால் பாஸ்வேர்டின் அதிகபட்ச வயது தானாகவே 42 நாள் என்று இருக்கும். யாரும் தொடாவிட்டால் அது அப்படியே நிற்கும். தொட்டவர்கள் 90 ஆக்குவார்கள், ஏனென்றால் கிரெடிட் கார்டு நிறுவனங்களின் பிசிஐ பாதுகாப்புத் தரத்தில் 90 என்று ஓர் எண் இருக்கிறது. ஆடிட்டர் கையில் எக்செல் ஷீட்டோடு வருவார். "காலாவதி உண்டா?" உண்டு. டிக். அந்த டிக்குக்காகத்தான் ஆயிரம் ஊழியர்கள் வருடத்தில் நான்கு முறை ஹெல்ப்டெஸ்க் வாசலில் நிற்கிறார்கள்.

சரி, சிக்கலான பாஸ்வேர்டால் பயனே இல்லையா? உண்டு. ஆனால் எப்போது என்பதைத்தான் யாரும் உங்களிடம் சொல்வதில்லை. லாகின் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவன் ஊகித்துக்கொண்டிருந்தால், ஐந்து தவறுக்குப் பிறகு கணக்கைப் பூட்டினால் போதும். சுமாரான பாஸ்வேர்டே தாங்கும். போலியான ஃபிஷிங் பக்கத்தில் நீங்களே அடித்துக் கொடுத்தால், அறுபது எழுத்தானாலும் போச்சு. அடிக்கும் எழுத்தையெல்லாம் பதிவு செய்யும் கீலாகர் கம்ப்யூட்டரில் இருந்தாலும் அதே கதை. சிக்கல் உதவுவது ஒரே ஓர் இடத்தில்: நிறுவனம் தன் டேட்டாபேஸை மொத்தமாகப் பறிகொடுத்த பிறகு, திருடியவன் ஹாஷை உடைக்க உட்காரும்போது. அவர்கள் கோட்டை விடப்போவதற்கான முன்னெச்சரிக்கையை உங்கள் மூளையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

அங்கேயும் முடிவு செய்வது உங்கள் @ குறி இல்லை, அவர்கள் சேமித்த விதம். கீபோர்டில் அடிக்கக்கூடிய 95 எழுத்துகளில் எட்டு இடம் என்றால் சுமார் 66 கோடி கோடி சேர்க்கைகள். விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎல்எம் ஹாஷை, கேம் விளையாட வாங்கும் ஒரே ஓர் ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்கு 28,000 கோடி வேகத்தில் சோதிக்கும். ஏழு மணி நேரத்துக்குள் மொத்தமும் தீர்ந்தது. அதே எட்டு எழுத்தை, வேண்டுமென்றே மெதுவாக ஓடும் பிகிரிப்ட் ஹாஷில் காஸ்ட் (மெதுவாக்கும் அளவு) 10 வைத்துச் சேமித்திருந்தால் அதே கார்டு நொடிக்குச் சில ஆயிரம்தான் போகும்; முழுதாகத் தேட பல்லாயிரம் வருடம். ஒரே பாஸ்வேர்டுதான். வித்தியாசம் டெவலப்பர் எழுதும் ஒரு வரியில் இருக்கிறது. ஆனால் பயிற்சி வீடியோ பார்க்கச் சொல்லி மெயில் வருவது உங்களுக்கு.

நிஜத்தில் யாரும் 66 கோடி கோடியையும் தேடுவதில்லை என்பது இன்னொரு கொடுமை. 2009-ல் ராக்யூ என்ற நிறுவனம், தளத்தின் படிவத்தில் டேட்டாபேஸ் கட்டளையைத் திணித்து ஏமாற்றும் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனில் 3.2 கோடி பாஸ்வேர்டுகளைப் பறிகொடுத்தது. ஹாஷ் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் எழுத்தாகவே வைத்திருந்தார்கள். அதிலிருந்து எடுத்த 1.4 கோடி தனித்தனிப் பாஸ்வேர்டுகளின் பட்டியல் இன்றைக்கும் பாஸ்வேர்டு உடைக்கிறவர்களின் பாலபாடம். "முதல் எழுத்தை கேப்பிடல் ஆக்கு", "ஏ-வுக்குப் பதில் @ போடு", "பின்னால் 123 ஒட்டு" என்கிற மாற்று விதிகளும் ஹாஷ்கேட் என்ற உடைக்கும் மென்பொருளில் தயாராகக் கிடைக்கும். பட்டியலையும் விதிகளையும் பெருக்கினால் நூறு கோடி சொச்சம், சில நொடி வேலை. அந்த விதிகள் என்னென்ன என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். உங்கள் ஐடி துறையின் பாலிசியை அப்படியே எழுதி வைத்தது போல இருக்கும்.

ராக்யூ சின்ன கம்பெனி என்பீர்கள். லிங்க்ட்இன் 2012-ல் 65 லட்சம் ஹாஷ்களை விட்டது, சால்ட் (ஒவ்வொரு பாஸ்வேர்டோடும் சேர்க்கும் தனிச் சரம்) இல்லாத, வேகமாக உடையும் ஷா-1 ஹாஷ். நான்கு வருடம் கழித்துப் பார்த்தால் உண்மைக் கணக்கு 11.7 கோடி. அடோபி 2013-ல் ஹாஷ் செய்யாமல், ஒரே சாவியால் 3டெஸ் என்ற பழைய முறையில் குறியாக்கம் செய்து வைத்திருந்தது. ஒரே பாஸ்வேர்டு வைத்த எல்லோருக்கும் ஒரே குறியீடு. பக்கத்திலேயே பாஸ்வேர்டை நினைவுபடுத்த பயனர்கள் எழுதிய குறிப்புகள், எந்த மறைப்பும் இல்லாமல். குறிப்புகளைச் சேர்த்துப் படித்தாலே விடை வந்து விழுந்தது. ஃபேஸ்புக் பல கோடிப் பாஸ்வேர்டுகளைத் தன் உள் லாக் கோப்புகளில் வெறும் எழுத்தாக விட்டிருந்தது 2019-ல் வெளிவந்தது. 2024-ல் அயர்லாந்து தரவுப் பாதுகாப்பு ஆணையம் போட்ட அபராதம் 9.1 கோடி யூரோ. அவர்களுக்கு அது டீ செலவு.

பன்னிரண்டு எழுத்துக்கு மேல் கூடாது என்று சொல்லும் தளத்தைப் பார்த்தால் கொஞ்சம் பயப்படுங்கள். ஹாஷ் செய்தால் பத்து எழுத்தும் நூறு எழுத்தும் ஒரே நீளத்தில்தான் வந்து நிற்கும். அப்புறம் ஏன் இடப் பஞ்சம்? ஒன்று, பின்னால் ஏதோ பழைய மெயின்ஃப்ரேம் இருக்கிறது. அல்லது பாஸ்வேர்டை அப்படியே வைத்திருக்கிறார்கள். மேற்கோள் குறி போடாதே என்றால் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனுக்குப் பயந்து வடிகட்டுகிறார்கள். கோடைச் சரியாக எழுதியிருந்தால் அந்தப் பயமே வேண்டாம். "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" அழுத்தினால் பழைய பாஸ்வேர்டே மெயிலில் வருகிறதா? அந்தக் கணக்கையே மூடிவிட்டு ஓடிவிடுங்கள். (நியாயமான உச்சவரம்பு ஒன்று உண்டு: பிகிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் பார்க்காது. அதை மறந்ததால்தான் 2024-ல் ஆக்டா என்ற நிறுவனத்தில் 52 எழுத்தோ அதற்கு மேலோ உள்ள பயனர் பெயருக்கு, சில சூழ்நிலைகளில் பாஸ்வேர்டே சரிபார்க்காமல் கதவு திறந்தது. லாகின் பாதுகாப்பை விற்பதே அவர்கள் தொழில்.)

ஈக்விஃபாக்ஸ் கதையை மட்டும் சுருக்க மனசு வரவில்லை. அமெரிக்கர்களின் கடன் வரலாற்றை அவர்களைக் கேட்காமலே சேர்த்து வைக்கும் நிறுவனம். அவர்கள் தளத்தில் இருந்த அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளின் ஓட்டைக்கு 2017 மார்ச் 7-ல் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) வந்தது. போடவில்லை. மே மாதம் திருடர்கள் உள்ளே நுழைந்தார்கள். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் மறைப்பின்றி ஒரு கோப்பில் கிடந்தன. அதை வைத்துப் பல டேட்டாபேஸ்களுக்குள் போனார்கள். போக்குவரத்தைக் கண்காணிக்கும் கருவி ஒன்று இருந்தது, ஆனால் அதன் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதி, அதனால் குருடாகிக் கிடந்தது. ஜூலை கடைசியில் சான்றிதழைப் புதுப்பித்த உடனே திருட்டு கண்ணில் பட்டது. உங்கள் பாஸ்வேர்டின் காலாவதியை நாள் எண்ணிச் சொல்கிற உலகத்தில், இவர்களின் சான்றிதழ் மாதக்கணக்கில் செத்துக் கிடந்திருக்கிறது. போனது 14.7 கோடிப் பேரின் விவரம், நம்மூர் ஆதார் போன்ற சோஷியல் செக்யூரிட்டி எண் உட்பட. அதை எந்த 90 நாளில் போய் மாற்றுவது?

அதோடு நிற்கவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் சரிபார்க்க, தங்கள் தளத்தை விட்டுவிட்டு ஃபிஷிங் பக்கம் போலவே பெயருள்ள புதுத் தளம் ஒன்றைத் திறந்தார்கள். ஒருவர் அந்தப் பெயரில் சொற்களை இடம் மாற்றிப் போலித் தளம் செய்து வைக்க, ஈக்விஃபாக்ஸின் ட்விட்டர் கணக்கே வாடிக்கையாளர்களைப் போலிக்கு அனுப்பியது. அர்ஜென்டினா பிரிவின் ஊழியர் போர்ட்டலோ பயனர் பெயர், பாஸ்வேர்டு இரண்டுக்கும் அட்மின் என்று அடித்தால் திறந்தது. நஷ்டஈடு 125 டாலர் என்றார்கள். அதற்கென ஒதுக்கியது மொத்தம் 3.1 கோடி டாலர். விண்ணப்பித்தவர்களுக்குப் பங்கு பிரித்தால் சில்லறை.

இப்போது பேஸ்ட் தடை. நீளப் பாஸ்வேர்டுகளை உருவாக்கி நினைவில் வைக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் செயலியை வைத்திருப்பவன் ஒருவன்தான் இந்த உலகத்தில் ஒழுங்காக நடக்கிறான்; அவனைத்தான் தடுக்கிறார்கள். 20 எழுத்துச் சரத்தைக் கையால் அடி என்றால் அவனும் ஊர்ப் பெயருக்கே திரும்புவான். பாதுகாப்பில் இதற்குக் காரணமே கிடையாது. ஃபயர்ஃபாக்ஸ் முகவரிப் பட்டையில் அபவுட்:கான்ஃபிக் (about:config) என்று அடித்துப் போய் "கிளிப்போர்டுஈவென்ட்ஸ்" (clipboardevents) என்று தேடி, வருவதை ஃபால்ஸ் ஆக்கினால் தடை செத்துவிடும். ஆன்லைன் டாக்குமென்ட் எடிட்டர்களில் காப்பி-பேஸ்ட் கோளாறு செய்யும், வேலை முடிந்ததும் திருப்பி வையுங்கள். நெட்பேங்கிங்கில் எழுத்துகள் இடம் மாறும் திரைக் கீபோர்டும் இந்த ரகம்தான். வங்கிக் கணக்கைத் திருடும் ஜீயஸ் ட்ரோஜன் காலத்திலிருந்தே மால்வேர், பிரவுசர் அனுப்பும் படிவத்தையே பிடுங்கிக்கொள்கிறது. கீபோர்டு எதுவென்று அதற்குக் கவலை இல்லை. பக்கத்து சீட்காரருக்குத்தான் வசதி, ஒவ்வோர் எழுத்தாக நிதானமாகப் பார்க்கலாம்.

ஓடிபி இருக்கிறதே என்பவர்களுக்கு: ஜெர்மனியில் 2017-லேயே தொலைபேசி நிறுவனங்கள் ஒன்றோடொன்று பேசும் எஸ்எஸ்7 முறையின் ஓட்டை வழியாக வங்கி எஸ்எம்எஸ்களைத் திருப்பிவிட்டுப் பணம் எடுத்தார்கள். நம்மூரில் அவ்வளவு சிரமமே வேண்டாம். வாட்ஸ்அப்பில் டிராஃபிக் சலான் என்று ஓர் ஏபிகே (ஆண்ட்ராய்டு செயலி) கோப்பு வரும். நிறுவி எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்தால் ஓடிபி நேராகத் திருடனுக்கு. போனிலேயே சாவியாக இருந்து பாஸ்வேர்டுக்குப் பதில் நிற்கும் பாஸ்கீ இதைவிட எவ்வளவோ மேல், தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டிருப்பதால் போலிப் பக்கத்தில் வேலையே செய்யாது. ஆனால் "போன் தொலைந்துவிட்டதா?" என்ற இணைப்பை அழுத்தினால் மறுபடி எஸ்எம்எஸ் ஓடிபியில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். திருடனும் அந்த இணைப்பைத்தான் அழுத்துவான்.

நிர்வாகம் கையில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது ஒரு மத்தியான வேலை. விண்டோஸின் குரூப் பாலிசி அமைப்பில் பாஸ்வேர்டின் அதிகபட்ச வயதை 0 ஆக்குங்கள், 0 என்றால் காலாவதியே கிடையாது. பாஸ்வேர்டோடு இரண்டாம் காரணி (ஓடிபி போல இன்னொரு சரிபார்ப்பு) இருந்தால் குறைந்தது 8 எழுத்து, பாஸ்வேர்டு மட்டும் என்றால் 15. மேல்வரம்பு 64-க்குக் குறையவே கூடாது, ஸ்பேஸையும் அனுமதியுங்கள். கலவை விதியை எடுத்துவிட்டு, கசிந்த பாஸ்வேர்டுகளோடு ஒப்பிடுங்கள். கசிந்தவற்றைச் சேர்த்து வைக்கும் ஹேவ் ஐ பீன் போன்ட் தளத்தின் பட்டியல் இலவசம். ஷா-1 ஹாஷின் முதல் ஐந்து எழுத்தை மட்டும் அனுப்பினால் போதும், பாஸ்வேர்டு வெளியே போகாது. கசிவுக்கு ஆதாரம் கிடைத்தால் அன்றே மாற்றச் சொல்லுங்கள், 90-வது நாள் வரை காத்திருக்க வேண்டாம். 7,776 சொல் பட்டியலில் பகடை உருட்டி எடுத்த ஆறு சொற்களை முழுதாகத் தேட, மேலே சொன்ன கார்டுக்கு என்டிஎல்எம்மிலேயே இருபதாயிரம் வருடத்துக்கு மேல் ஆகும். உங்கள் இப்போதைய படிவம் அதை "பலவீனம்" என்று சிவப்பில் காட்டும், கேப்பிடல் இல்லையாம்.

ஆடிட்டர் முறைத்தால் பிசிஐ நான்காம் பதிப்பின் 8.3.9-ஐத் திறந்து காட்டுங்கள். 90 நாள் விதி, பாஸ்வேர்டு மட்டுமே ஒரே காரணியாக இருக்கும் இடத்துக்கு. அங்கேகூட, கணக்கின் பாதுகாப்பு நிலையை உடனுக்குடன் தானாக ஆராய்ந்து அனுமதி தரும் ஏற்பாடு இருந்தால் மாற்றத் தேவையில்லை என்று அதே பத்தியில் இருக்கிறது. ஆடிட்டருக்கு அந்தப் பத்தியை இதுவரை யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.