மீட்டர் என்று ஒன்று இருக்கிறது, ஐயா!

டிக். டிக். டிக்.

காலை நாலே முக்கால் மணி. அத்தையை ரயிலேற்ற வேண்டும். ஊரிலிருந்து வரும்போது இரண்டு பை, திரும்பிப் போகும்போது ஐந்து பை. எல்லாவற்றையும் காரில் ஏற்றியாயிற்று. சாவியைத் திருப்பினால் டிக் டிக் டிக். டேஷ்போர்டு விளக்குகள் ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டுப் படுத்துக்கொண்டன. பின்சீட்டிலிருந்து மெல்லிய குரல்: "மாப்பிள்ளை, ஆட்டோவுக்குச் சொல்லட்டுங்களா?" அந்த 'ங்களா'வுக்குப் பதிலாக அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

14 மாதத்தில் இரண்டு புது பேட்டரி. முதலாவது ஒன்பது மாதத்தில் கண்ணை மூடியது. இரண்டாவதற்கு இது ஐந்தாவது மாதம். பழசைக் கொடுத்த பிறகும் தலைக்கு நாலாயிரத்துச் சொச்சம்.

காரணம் மட்டும் மெக்கானிக்குக்கு மெக்கானிக் வேறு. ஒருவர், "பேட்டரி வீக் சார்." இன்னொருவர், "டைனமோ சார்ஜ் ஏத்தல சார்." ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை அம்பாசடர் காலத்திலிருந்தே டைனமோ என்கிறார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம், அதைக் கழற்றி கார்பன் பிரஷ், பேரிங் என்று 2,200 ரூபாய் வாங்கிக்கொண்டார், சீக்கு அப்படியே இருந்தது என்பதில்தான். மூன்றாமவர் ரிவர்ஸ் கேமராவைக் கழற்றி வீசினார், அது ராத்திரியெல்லாம் கரண்ட் குடிக்கிறதாம். எவ்வளவு குடிக்கிறது என்று அளந்தாரா? பூட்டி நிறுத்திய வண்டி 50 மில்லி ஆம்பியர் வரை எடுப்பது சகஜம். அப்படி எடுத்தால்கூட நல்ல பேட்டரி இரண்டு வாரம் தாங்கும். என் வண்டி நேற்று இரவு ஒன்பது மணிவரை ஓடியது.

நாலாமவர் வைத்தியம் சொன்னார்: "நல்லா ஓட்டுங்க சார், தானா சார்ஜ் ஏறிடும்." மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் நின்று நின்று நான் ஓட்டுவது அவருக்கு ஓட்டமாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

ஆனால் இவர்கள் எல்லோரும் சாமானியர்கள். இன்று காலை ஏழரைக்கு வந்தாரே ஒருவர், அவர்தான் மகான்.

கையில் ஒரு ஸ்பேனர், அரையடி வயர். வேறொன்றும் இல்லை. பானெட்டைத் திறந்தார். பேட்டரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பேட்டரியைப் பார்த்தார். டெர்மினலில் பூத்திருந்த வெள்ளையை விரலால் தொட்டு, பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். (அது ஆசிட் உப்பு. அந்த பேன்ட்டின் கதி அடுத்த துவைப்பில் தெரியும்.) அப்புறம் அந்த அரையடி வயரை பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே சர்ரென்று உரசினார். 'டப்' என்று ஒரு பொறி. நான் இரண்டடி பின்னால் குதித்தேன். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், பொறி பட்டால் வெடிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம். அவர் பொறியின் நிறத்தை ரசித்துவிட்டுச் சொன்னார்: "ம்ஹூம். செல் டெட்."

"அஞ்சு மாசம்தான் ஆகுதுங்க."

"சந்தேகமா? இருங்க."

பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுத்து ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்பேனரை எடுத்தார். என்ன செய்யப் போகிறார் என்று எனக்குப் புரிவதற்குள் மைனஸ் டெர்மினலைப் பிடுங்கிக் கையில் தூக்கிப் பிடித்துவிட்டார்! மந்திரவாதி தொப்பிக்குள்ளிருந்து முயலை எடுப்பாரே, அதே முகம். "பாத்தீங்களா? இன்ஜின் நிக்கல. அப்ப டைனமோ ஓகே. பேட்டரிதான் காலி."

ஐயா சாமி! பேட்டரி வெறும் தொட்டி இல்லை, ஆல்டர்னேட்டர் கக்கும் மின்னழுத்தத் துள்ளலைத் தாங்கும் மெத்தையும் அதுதான். ஓடும்போது அதை உருவினால் வோல்டேஜ் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ போனால் அந்தக் காசுக்கு இன்னும் சில பேட்டரி வாங்கலாம். இந்த வித்தை கார்பரேட்டர் காலத்தோடு மலையேறியிருக்க வேண்டியது. ஸ்டீரியோ ஒருமுறை அணைந்து எரிந்தது. என் உயிரும்தான்.

கேட்டேன்: "மீட்டர் வச்சுப் பார்க்க மாட்டீங்களா?"

சிரித்தார். "இருபது வருஷ சர்வீஸ் சார். கையே மீட்டர்."

பார்த்த கூலி 300 ரூபாய்.

பத்து மணிக்குக் கடைக்குப் போய் 450 ரூபாய்க்கு மல்டிமீட்டர் வாங்கினேன். முதல் தடவை வைத்ததும் 16.8 வோல்ட் என்றது. ஓவர் சார்ஜ், ஐயோ வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போச்சு என்று வியர்த்துவிட்டது. பத்து நிமிடம் கழித்துத்தான் திரையின் மூலையில் குட்டிப் படம் ஒன்றைக் கவனித்தேன். மீட்டருக்குள் இருந்த பேட்டரி வீக்! மீட்டரின் பேட்டரி இறங்கினால் அளவை ஏற்றிக் காட்டுமாம். சரி, அதையும் மாற்றினேன்.

இனி கேளுங்கள், கையில் வராத கணக்கு. சில மணி நேரம் சும்மா நின்ற நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5. ஏசி, ஹெட்லைட் எல்லாம் போட்ட பிறகும் 13.5க்குக் கீழே இறங்கக் கூடாது. எனக்கு எல்லாம் போட்டால் பேட்டரியில் 13.1. ஆஹா, டைனமோ என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஏதோ தோன்றி, மீட்டரின் கறுப்பு முனையை மட்டும் பேட்டரி மைனஸிலிருந்து எடுத்து இன்ஜின் இரும்பில் வைத்தேன்.

14.2.

ஒரே வண்டி, ஒரே நொடி, 1.1 வோல்ட் காணோம்! இன்ஜினுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே யாரோ தின்கிறார்கள். மனைவியை சாவியைத் திருப்பச் சொல்லி அந்த இரண்டுக்கும் நடுவே அளந்தேன். ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் இரண்டு வோல்ட்டுக்கு மேல். அரை வோல்ட்கூட இருக்கக் கூடாத இடம் அது. குனிந்து பார்த்தால், பேட்டரி மைனஸை இன்ஜினோடு இணைக்கும் எர்த் கேபிள். இன்ஜினில் முடுக்கியிருக்கும் முனை பச்சை பூத்து, பாதி இழை அறுந்து தொங்குகிறது.

ஆல்டர்னேட்டர் தன் வாசலில் 14.2 இருக்கிறது என்று நிம்மதியாக இருந்திருக்கிறது. அதனால்தான் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கும் எரியவில்லை. பேட்டரியோ 14 மாதமாக அரைவயிற்றோடு கிடந்திருக்கிறது. அரைவயிற்றில் கிடக்கும் பேட்டரியின் தகட்டில் சல்பேட் படியும், படிந்தால் ஆயுள் குறையும். புதுசு போட்டால் அதுவும் அதே பட்டினியில் சாகும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கர்ர்ர்... கர்ர்ர் என்று இழுக்கிறதே என்று நாலு பேரிடமும் சொன்னேன். நாலு பேரும் தலையாட்டினார்கள்.

எர்த் கேபிள் 220 ரூபாய். முனையைச் சுரண்டி நானே முடுக்கினேன். இப்போது எல்லாம் போட்டும் பேட்டரியில் 14.1. பேட்டரியைக் கழற்றி மெதுவாகச் சார்ஜ் ஏற்றக் கொடுத்திருக்கிறேன், பிழைக்குமா என்று நாளைக்குத் தெரியும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேட்டரிகள், பிரஷ், பேரிங், கூலி எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்தைத் தாண்டியது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

சாயங்காலம் அத்தை ஃபோன் செய்தார். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாராம். வண்டி சரியாயிடுச்சா என்று கேட்டுவிட்டு அவரே சொன்னார்: "ஆட்டோக்காரத் தம்பி அப்பவே சொல்லிட்டாரு மாப்பிள்ளை, பேட்டரி வீக்காத்தான் இருக்கும்னு."

பல்லைக் கடித்துக்கொண்டு, ஆட்டோவுக்கு எவ்வளவு ஆச்சு என்று பேச்சை மாற்றினேன்.

"முன்னூறு."

"நாலு கிலோமீட்டருக்கு முன்னூறா? மீட்டர் போடச் சொல்ல வேண்டியதுதானே அத்தை?"

"மீட்டரா?" என்று கேட்டு அத்தை சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. கொஞ்ச நேரத்தில் நானும்.